தோற்றவர்கள் எழுதிய போர்



படிவம் நான்கு வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஐஎன்ஏ என்று நாம் சுருக்கிச் சொல்லும் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றி ஒரு வாசிப்புப் பகுதி கொடுத்திருந்தேன். வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "டீச்சர், இவங்க தோத்துட்டாங்கதானே? தோத்தவங்க எழுதுன புக்க எதுக்கு டீச்சர் நாம படிக்கணும்? சாக்குப்போக்குதானே எழுதியிருப்பாங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நல்லவேளையாக மணி அடித்தது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அதே மாதம் இன்னொன்று நடந்தது. பள்ளி வரலாற்று வாரத்துக்காக நேதாஜியைப் பற்றி ஒரு காட்சிப் பலகை தயாரித்திருந்தோம். சிங்கப்பூர் பாடாங் திடல் அணிவகுப்பு, கேத்தே கட்டடம், ஜான்சி ராணிப் படைப் பெண்கள் எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு பெரிய படம்: 1943 ஜூலையில் பாடாங்கில் ஐஎன்ஏ அணிவகுப்பைப் பார்வையிட வந்த ஜப்பானியப் பிரதமர் தோஜோ, பக்கத்தில் போஸ். எங்கள் பள்ளியில் வரலாறு போதிக்கும் சீன ஆசிரியை ஒருவர் அந்தப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவருடைய தாத்தாவின் ஊர் நெகிரி செம்பிலானில் தித்தி. 1942 மார்ச்சில் அந்த வட்டாரத்தில் ஜப்பானிய இராணுவம் ஒரு சீனக் கிராமத்தையே அழித்தது. தாத்தா அன்று ஊரில் இல்லாததால் பிழைத்தார். அவருடைய உடன்பிறப்புகள் பிழைக்கவில்லை.

ஆசிரியை கோபப்படவில்லை. "படத்த எடுக்கச் சொல்லல. கீழ இன்னும் ரெண்டு வரி சேத்து எழுதுங்க" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு வரியை எழுத முடியாமல்தான் பள்ளி விடுமுறை முழுக்க நான் போர் நினைவு நூல்களை வாசித்தேன். தோற்ற பக்கத்தில் நின்று போரிட்டவர்கள் எழுதியவற்றை மட்டும். அதில் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பாடத்துக்குப் பயன்படும், பயன்படாமலும் போகலாம்.

முதலில் பெரிய தளபதிகளைச் சீக்கிரம் தாண்டிவிடுவோம். இவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். ஜெர்மானிய ஃபீல்ட் மார்ஷல் மான்ஸ்டைன் 1955-இல் தன் நினைவுகளை வெளியிட்டார். தலைப்பு, 'இழந்த வெற்றிகள்'. தலைப்பிலேயே வாதம் முடிந்துவிட்டது பாருங்கள்: வெற்றி எங்களுடையது, வேறு யாரோ அதைத் தொலைத்துவிட்டார்கள். அந்த யாரோ ஹிட்லர். இவரே 1949-இல் ஹம்பர்க்கில் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் போர்க் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர், 1953-இல் விடுதலையானவர். விடுதலையாகி இரண்டே ஆண்டில் வந்த புத்தகம் அது. வரைபடங்களும் படைப்பிரிவு எண்களும் பக்கம் பக்கமாக இருக்கும். அந்தப் படை கடந்துபோன ஊர்களில் யூதர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அறிய நீங்கள் வேறு புத்தகத்துக்குத்தான் போக வேண்டும்.

நமக்குப் பக்கத்திலும் அப்படி ஒருவர் உண்டு. இவரிடம் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். கர்னல் மசனோபு சுஜி, மலாயா படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவர். கோத்தா பாரு, ஜித்ரா, சிலிம் ரிவர், சைக்கிள் படை, 1942 பிப்ரவரி 15 என்று நம் பிள்ளைகள் படிவம் படிவமாகப் படிக்கும் அந்த எழுபது நாள் கதையை ஜப்பானியப் பக்கத்திலிருந்து எழுதியவர். ஜப்பானிய மொழியில் 1950-களின் தொடக்கத்தில் வந்தது, ஆங்கிலத்தில் 1960-இல் வந்தது. கப்பலில் வந்த சிப்பாய்களுக்குக் கொடுப்பதற்காக இவர் தயாரித்த கையேட்டின் தலைப்பு, 'இதை மட்டும் படித்தால் போரை வெல்லலாம்'. நம் தேர்வு வழிகாட்டி நூல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

புத்தகம் விறுவிறுப்பாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதை எழுதியபோது சுஜியின் நிலை என்ன? 1945-இல் ஜப்பான் சரணடைந்தபோது அவர் தாய்லாந்தில் புத்த பிக்கு வேடம் போட்டுத் தலைமறைவானார். பிரிட்டிஷார் அவரைத் தேடினார்கள். சில ஆண்டுகள் கழித்துத் தேடல் ஓய்ந்ததும் வெளியே வந்து எழுதத் தொடங்கினார், புகழ் பெற்றார், 1952-இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். 1961-இல் லாவோஸுக்குப் போனவர் திரும்பவேயில்லை. அவரை ஏன் தேடினார்கள் என்றால், சிங்கப்பூர் விழுந்த சில நாள்களிலேயே சீன ஆண்களைச் சாவடி சாவடியாக வடிகட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்களே, சூக் சிங் என்று நாம் சொல்லும் அந்தக் கொலைகள், அதற்குப் பின்னால் இருந்த முக்கியக் கைகளில் ஒன்று இவருடையது. 1947 விசாரணையில் மற்ற அதிகாரிகள் கூண்டில் நின்றார்கள், இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். இவர் கூண்டில் ஏறவேயில்லை. இவருடைய புத்தகம் வெற்றியோடு நின்றுவிடுகிறது, கொலைகள் அதில் ஏறவில்லை.

மொத்தப் போரில் தோற்ற ஒருவர் தான் வென்ற எழுபது நாளை மட்டும் வெட்டி எடுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார். அந்த மாணவன் சாக்குப்போக்கு என்றானே, இவர் சாக்குக்கூடச் சொல்லவில்லை. சாக்குச் சொல்ல வேண்டிய இடம் வருவதற்கு முன்பே புத்தகத்தை முடித்துவிட்டார். ஒரு நினைவு நூல் எந்தத் தேதியில் தொடங்குகிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்ப்பதை இந்தப் புத்தகத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

இனி இம்பால்.

ஐஎன்ஏ நூல்களுக்குப் போகும் முன் இந்தப் போரைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1944 மார்ச்சில் ஜெனரல் முத்தகுச்சியின் தலைமையில் ஜப்பானியப் படையின் மூன்று டிவிஷன்கள் பர்மாவிலிருந்து சின்ட்வின் ஆற்றைக் கடந்து இம்பாலையும் கொஹிமாவையும் பிடிக்கப் புறப்பட்டன. மூன்று வாரத்துக்கான உணவுதான் கையில். பிறகு பிரிட்டிஷார் விட்டுப்போகும் கிடங்குகளில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. மலாயாவில் பலித்த கணக்கு அது. இம்பாலில் பலிக்கவில்லை. பிரிட்டிஷ்-இந்தியப் படைக்கு விமானத்தில் உணவு வந்து இறங்கியது, ஜப்பானியருக்கு எதுவும் வரவில்லை. கொஹிமாவில் நின்ற டிவிஷனின் தளபதி சாத்தோ, சோறும் குண்டும் அனுப்பாத மேலிடத்தின் கட்டளையை மீறி, மே மாத இறுதியில் தன் ஆள்களைப் பின்வாங்கச் சொன்னார். ஜூலையில்தான் மேலிடம் தோல்வியை ஒப்புக்கொண்டது. அதற்குள் பெருமழை. ஜப்பானியர்களில் ஏறக்குறைய 30,000 பேர் இறந்தார்கள், அதில் மிகப் பலர் பசியிலும் மலேரியாவிலும் சீதபேதியிலும். அவர்கள் திரும்பி நடந்த பாதைக்கு ஜப்பானியச் சிப்பாய்கள் வைத்த பெயர் 'வெள்ளெலும்புச் சாலை'.

சாத்தோ இராணுவ விசாரணை கேட்டார், எல்லாவற்றையும் அங்கே சொல்லிவிடலாம் என்று. அவருக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லி விசாரணையைத் தவிர்த்துவிட்டார்கள். முத்தகுச்சியோ போருக்குப் பிறகும் உயிரோடிருந்து, கடைசிக் காலத்தில் தன் பக்க நியாயத்தை அச்சடித்து விநியோகித்துக்கொண்டிருந்தார். 1966-இல் அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கும் அந்தத் துண்டறிக்கை கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். சாவு வீட்டில் துண்டறிக்கை! வாசித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு 30,000 ஞாபகம் வந்தது.

இதே காட்டில், இதே மழையில், ஜப்பானியரோடு ஐஎன்ஏவின் ஏறக்குறைய 6,000 பேரும் இருந்தார்கள். பிரிட்டிஷ் உளவுத் துறையில் வேலை செய்த ஹியூ டோய் தன் நூலில் தரும் கணக்குப்படி, அவர்களில் சண்டையில் இறந்தவர்கள் 400 பேர், பசியிலும் நோயிலும் இறந்தவர்கள் 1,500 பேர். எதிரி தரப்பு எடுத்த கணக்கு என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

அந்தப் படையில் சுபாஷ் படைப்பிரிவை நடத்தியவர் ஷா நவாஸ் கான். ராவல்பிண்டி மாவட்டத்தைச் சேர்ந்த பஞ்சாபி முஸ்லிம், பரம்பரை பரம்பரையாக பிரிட்டிஷ் இராணுவத்தில் சேவை செய்த குடும்பம். 1942 ஜனவரி கடைசியில் சிங்கப்பூர் வந்து இறங்கினார், பிப்ரவரி பாதியில் போர்க் கைதியானார். அவருடைய 'ஐஎன்ஏவும் அதன் நேதாஜியும்' பற்றிய நினைவுகள் 1946-இல் டெல்லியில் வெளிவந்தது, நேருவின் முன்னுரையோடு.

1946 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஷா நவாஸ், பிரேம் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் இராணுவ விசாரணை தொடங்கியது. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். பிரிட்டிஷார் இப்படி மூவரையும் ஒரே கூண்டில் நிறுத்தி இந்தியா முழுவதையும் ஒன்றுசேர்த்துக் கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பூலாபாய் தேசாய் வாதாடினார். நேருவே வக்கீல் அங்கி போட்டு வந்து உட்கார்ந்தார். மூவருக்கும் ஆயுள் நாடுகடத்தல் என்று தீர்ப்பு வந்தது, 1946 ஜனவரித் தொடக்கத்திலேயே தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையைத் தள்ளுபடி செய்தார். தெருவெல்லாம் கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில் எழுதி வந்த புத்தகம் இது. போரில் தோற்றவர், ஆனால் ஊர் திரும்பியபோது மாலை விழுந்தது. அதனால் மான்ஸ்டைனைப் போல யார்மீதும் பழி போட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. வேறு ஒரு அவசியம் இருந்தது: நாங்கள் ஜப்பானியரின் கைப்பொம்மைகள் அல்ல என்று காட்ட வேண்டும். சின் மலைகளில், ஹாக்கா-ஃபாலம் பக்கத்தில், தன் ஆள்கள் பட்ட பசியையும், ஜப்பானியர் சொன்னபடி உணவு கொடுக்காததையும், போரிட வந்தவர்களைப் பாதை போடவும் சுமை தூக்கவும் வைத்ததையும் மனக்கசப்போடு சொல்கிறார். அந்தப் பகுதிகளை நான் நம்புகிறேன். அவருடைய வாதத்துக்கு உதவுவதால் மட்டுமல்ல, ஜப்பானியச் சிப்பாய்கள் சொல்லும் பசியும் அவர் சொல்லும் பசியும் ஒத்துப்போவதால். ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுதிய இரண்டு கட்டுரையில் ஒரே விவரம் வந்தால் நாம் என்ன நினைப்போம்? அப்படித்தான்.

ஷா நவாஸிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. முதலில் ஐஎன்ஏவை எதிர்த்தவர் அவர். பிறகு உள்ளே நுழைந்ததும் அதைக் கெடுக்கும் எண்ணத்தோடுதான் என்று விசாரணையில் அவரே சொன்னார். போஸ் வந்த பிறகுதான் மனம் மாறியது. வீரர் என்று தேசமே தூக்கி வைத்திருக்கும் நேரத்தில், 'நான் முதல் நாளே வீரனாக இல்லை' என்று சொல்ல ஒரு நேர்மை வேண்டும். இடறலான ஒன்றும் உண்டு. படையைவிட்டு ஓட முயன்ற ஒரு சிப்பாயைச் சுட்டுக் கொல்ல உடந்தையாக இருந்தார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது செங்கோட்டையில் நிரூபணமானது. என் காட்சிப் பலகையில் அது இல்லை. எத்தனை ஆண்டு மேடைப் பேச்சுப் போட்டிகளில் ஐஎன்ஏவைப் பற்றி எழுதிக்கொடுத்திருக்கிறேன், ஒன்றில்கூட அந்தச் சிப்பாய் வந்ததில்லை.

இருபத்தெட்டு ஆண்டு தள்ளி வந்த இன்னொரு நூலைப் பாருங்கள். கேப்டன் மோகன் சிங், 1941 டிசம்பரில் ஜித்ரா தோல்விக்குப் பிறகு கெடாவில் ஜப்பானியரிடம் சரணடைந்து, முதல் ஐஎன்ஏவை உருவாக்கியவர். ஜப்பானியரோடு முரண்பட்டு 1942 டிசம்பரில் அவர்களாலேயே கைதானார். போஸ் வந்த பிறகும் காவலிலேயே இருந்தார். இந்திய விடுதலையில் சிப்பாய்களின் பங்கு பற்றிய அவருடைய நூல் 1974-இல் வந்தது. மாலை வாடி வெகுநாளான காலம். சுதந்திர இந்தியா ஐஎன்ஏக்காரர்களைத் தன் இராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. போஸின் பெயர் தெருவுக்குத் தெரு இருந்தது, மோகன் சிங்கின் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்டார்கள். தோற்ற இராணுவத்துக்குள்ளேயே இன்னொரு தடவை தோற்றவர் அவர். அந்தக் குறை புத்தகம் முழுக்கக் கேட்கிறது. கொஞ்சம் அலுப்பாகக்கூட இருக்கும். ஆனால் போஸ் வருவதற்கு முன்பும் ஒரு ஐஎன்ஏ இருந்தது, அது ஜப்பானியரை நம்ப முடியாமல் கலைந்தது என்பதை அதை நடத்தியவர் வாயாலேயே கேட்பது வேறு விஷயம். என் சீனத் தோழிக்கு எழுத வேண்டிய இரண்டு வரிக்கு முதல் நூல் இங்கேதான் கிடைத்தது.

நடுவில் ஒரு ஜப்பானியரின் புத்தகம், என்னை மிகவும் தொந்தரவு செய்த ஒன்று. யூஜி ஐதா கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய வரலாறு படித்தவர், போருக்குப் பிறகு அங்கேயே பேராசிரியராக இருந்தவர். பர்மாவுக்கு அனுப்பப்பட்டு, 1945-இலிருந்து 1947 வரை ரங்கூனில் பிரிட்டிஷாரின் கைதியாக இருந்தார். 1962-இல் அந்த முகாம் வாழ்க்கையை எழுதினார். அடி உதை பற்றி அதிகம் இல்லை. பிரிட்டிஷ் பெண் இராணுவத்தினரின் விடுதியைச் சுத்தம் செய்யப் போனபோது, உடையில்லாமல் இருந்த ஒரு பெண் இவரைப் பார்த்தும் மறைத்துக்கொள்ளவில்லை. வெட்கம் கெட்டவள் என்பதால் அல்ல. அறைக்குள் வந்திருப்பது ஒரு ஆண் என்றே, ஒரு மனிதன் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பூனை வந்தால் யார் மறைத்துக்கொள்வார்கள்? (அந்தப் பக்கத்தை வகுப்பில் அப்படியே வாசிக்க முடியாது, நான் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன்.)

வாசித்து முடித்ததும் எனக்கு ஐதாவின் மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. மனிதனாகப் பார்க்கப்படாத வலியை இவ்வளவு நுட்பமாக எழுதத் தெரிந்தவர், இவருடைய இராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதையில் நம் தோட்டத்து ஆள்களை எப்படிப் பார்த்தது என்பதையும் இதே நுட்பத்தோடு எழுதியிருக்கலாமே என்று. நியாயமில்லாத எதிர்பார்ப்பா இது? அவர் தன் அனுபவத்தைத்தான் எழுத முடியும். இருந்தாலும் கேட்கத் தோன்றியது.

தோட்டம் என்றதும் நம் வீட்டுக்கே வந்துவிட்டோம்.

மேலே சொன்ன நூல்களில் நம்மவர்கள் எங்கே? போஸ் 1943-இல் சிங்கப்பூர் வந்த பிறகு மலாயாவிலிருந்து ஆயிரக்கணக்கான பொதுமக்கள் ஐஎன்ஏவில் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளர்கள். பால் விலை போகவில்லை, அரிசி இல்லை, ஜப்பான்காரன் வந்து தண்டலிடம் கணக்குக் கேட்டு ஆள் பிடித்துச் சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த ரயிலுக்குப் போவதா, இந்தப் படைக்குப் போவதா என்று நின்று யோசித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். நாட்டுப்பற்றால் போனவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குள்ளேயும் இருந்திருக்கும்.

புத்தகம் எழுதியவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி, ஜான்சி ராணிப் படையின் தலைவி, தன் நினைவுகளை 1997-இல்தான் நூலாக வெளியிட்டார். கோலாலம்பூரிலிருந்து பதினெட்டு வயதில் சேர்ந்த ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து போஸோடு பெண்கள் நடந்தே பின்வாங்கிய பயணத்தில் முன்னால் நின்றவர். ஈப்போவில் பதினாறு வயதில் அக்காளோடு சேர்ந்த ராசம்மா பூபாலன் நமக்கு இன்னும் நெருக்கமானவர், ஏனென்றால் அவர் பிறகு ஆசிரியை ஆனார். பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கேட்டுச் சங்கம் வைத்துப் போராடியவர். இன்று நம் சம்பளச் சீட்டில் ஆண் பெண் வித்தியாசம் இல்லாததற்கு அவருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அவருடைய வாழ்க்கையை அருணா கோபிநாத் 2007-இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதியிருக்கிறார்.

தோட்டத்து லயத்திலிருந்து போன சாதாரணச் சிப்பாயின் புத்தகத்தைத் தேடினால் கை வெறுங்கையாகத்தான் திரும்புகிறது. அவர்களை நாவல்களில் சந்திக்கலாம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' உங்களுக்குத் தெரியும். நம் நாட்டு அ. ரெங்கசாமி 'இமையத் தியாகம்' எழுதியிருக்கிறார். நாவல் வேறு, 'நான் நடந்தேன்' என்று ஒருவன் கையெழுத்துப் போடுவது வேறு.

எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருந்தார். அப்பா வழித் தாத்தாவின் அண்ணன். பெரிய தாத்தா என்போம். பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து ஐஎன்ஏவுக்குப் போய், 1946-இல் திரும்பி, மறுபடியும் அதே மரங்களைச் சீவினார். எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். அவர் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. போரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதேயில்லை. பாட்டி சொல்வார், "மழ விடாம பேஞ்சா அவரு தூங்க மாட்டாரு, திண்ணையில குந்திக்கிட்டு கால தடவிக்கிட்டே இருப்பாரு" என்று. வாதம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். ஷா நவாஸின் புத்தகத்தில் மழையில் காலில் துணி சுற்றிக்கொண்டு நடந்த ஆள்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த இரவில், நான் அந்தத் திண்ணையை நினைத்துக்கொண்டேன். அவர் உண்மையிலேயே இம்பால் வரை போனாரா, ரங்கூனிலேயே நின்றாரா என்று சொல்ல வீட்டில் இப்போது யாரும் இல்லை. கேட்டிருக்க வேண்டிய வயதில் அப்பா கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியாத வயது.

தோற்றவர்களின் நினைவுகள் என்று நூலகத்தில் இருப்பது, தோற்றவர்களில் எழுதத் தெரிந்தவர்களின் நினைவுகள். இதை நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை. தண்டனைக்குத் தப்பியவர், மாலை வாங்கியவர், மாலை கிடைக்காதவர், பேராசிரியர் எல்லாரும் எழுதினார்கள். காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுதவில்லை.

சரி, வகுப்பறைக்கு வருவோம். விடுமுறை முடிந்து அந்தப் படிவம் நான்கு வகுப்புக்கு இரண்டு பாடவேளை எடுத்தேன். சுஜி, ஷா நவாஸ், ஐதா மூவருடைய நூல்களின் சாரத்தையும் தமிழில் அரைப் பக்கம் அரைப் பக்கமாக நானே எழுதிக்கொடுத்தேன். பெயரைப் போடவில்லை. எழுதிய ஆண்டை மட்டும் போட்டேன். எழுதியபோது இவருக்கு யார்மேல் பயம், யாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டியிருந்தது, யார் இந்தக் கதையில் வந்திருக்க வேண்டும் ஆனால் வரவில்லை, இவற்றைக் குழுவாகப் பேசி எழுதச் சொன்னேன்.

முதல் பாடவேளை சொதப்பல். பெயர் இல்லாததால் எல்லாரும் 'யார் டீச்சர் இது' என்று கண்டுபிடிப்பதிலேயே நேரம் போனது. நீங்கள் செய்தால் பெயரையும் போட்டுவிடுங்கள். இரண்டாவது பாடவேளையில் பெயர், வாழ்க்கைக் குறிப்பு நான்கு வரி கொடுத்ததும் பேச்சு சூடு பிடித்தது. சுஜியின் தாளை வாசித்த குழு, 'இவரு ஏன் பிப்ரவரி பதினஞ்சோட நிறுத்திட்டாரு' என்று தாமாகவே கேட்டது. நான் எதிர்பார்க்காத சண்டையும் வந்தது. ஜப்பான்காரனோடு சேர்ந்தது சரியா தப்பா என்று இரண்டு பெண்கள் மோதிக்கொண்டார்கள். ஒருத்தி, "வேற யாரு துப்பாக்கி குடுப்பா?" என்றாள். மற்றவள், "குடுத்தவன் அதே துப்பாக்கியால பக்கத்து வீட்டுக்காரன சுட்டானே" என்றாள். நான் நடுவில் போகவில்லை. போயிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

வீட்டுப்பாடமாக, தங்கள் வீட்டிலோ பக்கத்திலோ உள்ள மிக மூத்தவரிடம் 'ஜப்பான்காரன் காலத்தில நம்ம ஆளுங்க யாராவது போனாங்களா' என்று கேட்டு வாட்சாப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொன்னேன். முப்பத்தொரு மாணவர்களில் பதினொரு பேர் அனுப்பினார்கள். பெரும்பாலும் 'எங்க அப்பா சொல்லுவாரு' என்று தொடங்கும் கதைகள், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒன்றில் ஒரு பாட்டி ஜப்பானியப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டு, அர்த்தம் தெரியாது என்று சிரிக்கிறார். இன்னொன்றில் ஒரு முதியவர், தன் அப்பா ஐஎன்ஏவில் இருந்தாரா சயாம் ரயிலில் இருந்தாரா என்பதே தெளிவாகத் தெரியவில்லை என்கிறார். "ரெண்டையும் சொல்லுவாரு, எது மொதல்லன்னு தெரியல." எழுத்துவடிவமாக மாற்றும்போது மாணவர்கள் அந்த வரியைத் திருத்தப் பார்த்தார்கள். வேண்டாம், அப்படியே எழுதுங்கள் என்றேன். இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: பதிவு செய்வதற்கு முன் வீட்டாரிடம் அனுமதி வாங்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் விரும்பவில்லை, அந்த மாணவிக்கு நான் வேறு வேலை கொடுத்தேன்.

காட்சிப் பலகைக்கு அந்த இரண்டு வரியை எழுதும் பொறுப்பையும் வகுப்பிடமே விட்டேன். ஏழெட்டு முறை அடித்துத் திருத்தினார்கள். கடைசியில் தோஜோ படத்துக்குக் கீழே ஒட்டியது இது: "1943 ஜூலை 5, பாடாங். இடப்பக்கம் நிற்பவரின் இராணுவம் ஓராண்டுக்கு முன் இந்த ஊரிலும் மலாயாவிலும் சீனர்களைக் கொன்றது; அப்போதும் அது தமிழர்களைச் சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் நிற்பவரை நம்பிப் போன நம் ஆள்களில் பலருக்கு இது தெரியும், வேறு வழி தெரியவில்லை."

எழுதியது, சாக்குப்போக்கு என்று கேட்ட அதே மாணவன். 'பலருக்கு இது தெரியும்' என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனது தெரியும்ல டீச்சர்" என்றான்.

சீன ஆசிரியையை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு பேனாவை வாங்கி, தேதியைத் தட்டிக் காட்டினார். "ஐந்து இல்லை. தோஜோ வந்தது ஆறாம் தேதி." அவர் சொன்னதுதான் சரி. திருத்திவிட்டோம்.